திறப்பு யாரிடம்? கட்டணத்துக்கும் கடவுச்சொல்லுக்கும் பின்னால் உள்ள தகவலைக் கொழும்பிலிருந்து தேடிப் பெறும் முறை

வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் இருந்து முதுகலை ஆய்வேட்டுக்குக் கட்டுரை தேடும் மாணவி, தகப்பனாரின் நோயைப் பற்றி வைத்தியர் சொன்ன ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரவிரவாகத் தேடும் மகன், பாட்டனாரின் படம் 1950களில் ஏதோ ஒரு பத்திரிகையில் வந்தது என்ற ஞாபகத்தை மட்டும் கையில் வைத்திருக்கும் குடும்பம் ஆகிய எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். தலைப்புத் தெரிகிறது, சுருக்கமும் தெரிகிறது. அதற்குக் கீழே முப்பது நாற்பது டொலர் கேட்கும் ஒரு பெட்டி இருக்கும், அல்லது ‘உங்கள் நிறுவனத்தின் ஊடாக உள்நுழையவும்’ என்ற ஒரு வரி இருக்கும். அந்த இடத்தில் பலர் தேடலைக் கைவிடுகிறார்கள். சிலர் யாருடைய கடவுச்சொல்லையாவது இரவல் வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. பூட்டிய பக்கம் ஒவ்வொன்றுக்கும் முறைப்படி திறப்பு வைத்திருக்கும் ஒருவர் எங்கோ இருக்கிறார். அவர் யாரென்று கண்டுபிடிப்பதையும், அவருடைய நேரத்தை வீணாக்காமல் அவரிடம் கேட்பதையும் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

எந்தப் பூட்டு என்று முதலில் பாருங்கள்

தேடுபொறி, இணையப் பக்கங்களை ஒரு தொடுப்பிலிருந்து மறு தொடுப்புக்குப் போய் வாசித்துச் சேர்த்துவைக்கும் இயந்திரம். தொடுப்பு இல்லாத இடத்துக்கு அது போவதில்லை. ஒரு படிவத்தை நிரப்பி ‘தேடு’ என்று அழுத்தினால் மட்டும் தோன்றும் பக்கத்தை அது பெரும்பாலும் காண்பதில்லை. கடவுச்சொல் கேட்கும் வாசலில் நின்றுவிடும். ஆகவே கூகுளில் ஒன்றும் வரவில்லை என்றால், அந்த இயந்திரம் போய் வந்த வழிகளில் அது இல்லை என்று மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டின் வகை தெரிந்தால் யாரிடம் போவது என்பது பாதி தெரிந்தமாதிரி. பணம் கேட்கும் பக்கம் என்றால், சந்தா செலுத்திய ஒருவரோ எழுதியவரோ உதவலாம். நிறுவனக் கணக்குக் கேட்கும் பக்கம் என்றால், அந்த நிறுவனத்தின் நூலகர் உதவலாம். கம்பனிப் பதிவு, காணிப் பதிவு போன்று படிவத்துக்குப் பின்னால் இருக்கும் தரவுத்தளம் என்றால், உரிய திணைக்களத்தின் கருமபீடத்துக்குப் போகவேண்டும். நான்காவது வகைதான் நம் நாட்டில் அதிகம்: பட்டியலில் பெயர் மட்டும் இணையத்தில் இருக்கும், பொருள் ஒரு தட்டில் தூசி படிந்திருக்கும். அதற்குக் கால் நடை ஒன்றே வழி, உங்கள் காலாகவோ இன்னொருவர் காலாகவோ இருக்கலாம்.

ஆளைத் தேடுமுன் இருபது நிமிடம்

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டுரைக்காக எனக்கு அறிமுகமான நூலகர் ஒருவருக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. பதிலில் ஒரு வாக்கியமும் இல்லை. ஆசிரியருடைய பல்கலைக்கழகத் தளத்தில் அக்கட்டுரை இலவசமாகக் கிடக்கும் பக்கத்தின் தொடுப்பு மட்டும் இருந்தது. அந்த வெட்கத்துக்குப் பிறகு, பிறரைக் கேட்குமுன் சில இடங்களைத் தவறாமல் பார்த்துவிடுகிறேன்.

கட்டுரையின் முழுத் தலைப்பையும் மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடும் கூகுள் ஸ்கொலரில் பல முடிவுகளின் கீழ் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற பொருளில் ஒரு தொடுப்பு இருக்கும். பூட்டிய பிரதியின் இலவச உடன்பிறப்பு அங்கே அடிக்கடி ஒளிந்திருக்கும். அன்பேவோல் என்ற உலாவி நீட்சி 2017 இலிருந்து இதே வேலையைத் தானாகச் செய்கிறது. சட்டபூர்வமாகத் திறந்து வைத்த பிரதி இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டொன்றைக் காட்டும். ஜேஸ்டோர் என்ற சஞ்சிகைத் தரவுத்தளத்தில் சொந்தக் கணக்கொன்றை இலவசமாகத் திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம். பதிவிறக்க மட்டும் முடியாது. அழிந்துபோன இணையப் பக்கமென்றால் பழைய பக்கங்களின் பிரதியைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் அதன் முகவரியை இட்டுப் பாருங்கள்.

இலங்கைச் சஞ்சிகைகளுக்கு, தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ தளத்தில் கட்டணம் எதுவும் இல்லை. ஈழத்துத் தமிழ் நூல், சஞ்சிகை, மலர், துண்டுப்பிரசுரம் என்றால் 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் பார்க்காமல் வேறெங்கும் போவது வீண் அலைச்சல். வர்த்தமானி, சட்டம், சட்டமூலம் ஆகியவை அரச ஆவணத் தளத்திலும், பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சார்ட் பாராளுமன்றத் தளத்திலும் இலவசமாக உள்ளன. இவற்றைக் காசுக்கு விற்கும் தனியார் தரவுத்தளங்களும் உண்டு என்பதால் சொல்லிவைக்கிறேன்.

பெயர் எழுத்துப் பற்றி ஒரு வார்த்தை. நம்மவர் பெயர்கள் வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் நாம் எழுதுவதுபோல இருப்பதில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையில் சகரம் ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தான ‘சீ’யால் எழுதப்படும். ஆகவே பேராசிரியர் சிவத்தம்பியின் தமிழ் நூல்களை ‘எஸ்’ எழுத்தில் தேடுபவர் பலவற்றைத் தவறவிடுவார். அதே மனிதருடைய ஆங்கில நூல்கள் அவர் தாமே எழுதிய எழுத்துக்கூட்டலில் வேறிடத்தில் இருக்கும். தந்தை பெயர் முன்னே வருவதா பின்னே வருவதா என்பதும் பட்டியலுக்குப் பட்டியல் மாறும். ஒரு பெயரைக் குறைந்தது மூன்று எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்த்த பிறகே ‘இல்லை’ என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வியை எழுதும் முறை

தேடலில் மனித உதவி வீணாவதற்கு முக்கிய காரணம், கேட்பவர் தமக்கு வேண்டியதைவிட அகலமாகக் கேட்பதுதான். ‘மலையக வரலாறு பற்றி ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்டால், நல்ல மனம் படைத்த நூலகர் பத்துப் புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். உங்களுக்கு வேண்டியது அவற்றில் இருக்காது. ‘1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டத்துக்கான சட்டமூலம் மீதான விவாதம் அடங்கிய ஹன்சார்ட் தொகுதி வேண்டும், குறிப்பாகத் தோட்டத் தொழிலாளர் பிரதிநிதிகளின் உரைகள்’ என்று கேட்டால், அவர் நேரே ஒரு தட்டுக்குப் போவார். கேட்பவரிடம் திருப்பிக் கேள்வி கேட்டு உண்மையான தேவையைக் கண்டுபிடிப்பதற்கு நூலகர்கள் பயிற்சி பெறுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் மின்னஞ்சலில் அந்த உரையாடல் மூன்று நாளுக்கு இழுபடும். அதை நீங்களே முன்கூட்டி உங்களுக்குள் நடத்திவிடுங்கள்.

கட்டுரை என்றால் ஆசிரியர், தலைப்பு, சஞ்சிகை, ஆண்டு, தொகுதி, இதழ், பக்கம் ஆகியவற்றை எழுதி, டிஓஐ எனப்படும் பத்தில் தொடங்கும் அடையாள எண்ணையும் சேருங்கள். மற்றவையெல்லாம் பிழைத்தாலும் அந்த எண் ஒன்று சரியாக இருந்தால் கட்டுரை அகப்படும். அதன்பின் நீங்கள் ஏற்கெனவே தேடிய இடங்களை ஒரு வரியில் சொல்லுங்கள். இது உங்கள் உழைப்பைக் காட்டுவதற்காக மட்டுமல்ல, அவர் அதே வழியில் மறுபடி நடக்காமல் இருப்பதற்காகவும். முழு நூலும் வேண்டுமா, ஒரு அத்தியாயம் போதுமா, ஒரு அட்டவணை மட்டும் போதுமா என்று சொல்லுங்கள். ஒரு பக்கத்தைக் கேட்பவருக்கு மறுக்க மனம் வராது. ஒரு நூலைக் கேட்பவருக்குக் கொடுக்கச் சட்டம் இடங்கொடாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு ஆராய்ச்சி, கற்பித்தல், விமர்சனம் முதலிய தேவைகளுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. எவ்வளவு பகுதி எடுக்கப்படுகிறது என்பதும் நியாயத்தை நிறுக்கும்போது தராசில் வைக்கப்படும். கடைசியாக, எந்த நாளுக்குள் வேண்டும் என்று உண்மையைச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ‘அவசரம்’ என்று எழுதுபவருடைய மின்னஞ்சல் மெல்ல மெல்ல அடிக்குப் போய்விடும்.

எழுதியவரிடமே கேட்பது

கட்டுரை பூட்டப்பட்டிருந்தாலும் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் பூட்டுக்கு வெளியேதான் அச்சிடப்பட்டிருக்கும். சஞ்சிகைக் கட்டுரையின் விலையில் ஒரு சதம்கூட ஆராய்ச்சியாளருக்குப் போவதில்லை. தம்மை ஒருவர் வாசிக்க விரும்புகிறார் என்பதே அவருக்கு மகிழ்ச்சி. பதிப்பகங்கள் பல, ஆசிரியர் தம் பிரதியைத் தனிப்பட்ட முறையில் சக ஆய்வாளருக்கு அனுப்புவதை அனுமதிக்கின்றன. செம்மையாக்கி அச்சுக்கோர்ப்பதற்கு முன்னுள்ள, ஏற்றுக்கொள்ளப்பட்ட பிரதியைப் பகிர இன்னும் தாராளமாக இடமளிக்கின்றன. என் அனுபவத்தில் இந்த வழியே மற்றெல்லா வழிகளையும்விடப் பலன் தந்தது.

மடல் பின்வருமாறு இருந்தால் போதும். வெளிநாட்டவருக்கு இதையே எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

‘மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, நான் கொழும்பில் பயிலும் முதுகலை மாணவி. தேயிலைத் தோட்டங்களில் சிறுவர் போசாக்குக் குறித்து ஆய்வேடு எழுதுகிறேன். 2014 இல் வெளிவந்த உங்கள் கட்டுரையின் சுருக்கத்தை வாசித்தேன். மாதிரியெடுப்பு முறையை நீங்கள் எவ்வாறு அமைத்தீர்கள் என்ற பகுதி எனக்குத் தேவைப்படுகிறது. எமது நூலகத்தில் அச்சஞ்சிகைக்குச் சந்தா இல்லை. உங்களிடம் உள்ள பிரதியை அனுப்ப முடியுமானால் மிக்க நன்றியுடையவளாவேன். எனது ஆய்வுக்கு மட்டுமே பயன்படுத்துவேன்.’

இதற்கு மேல் எழுதவேண்டாம். வாழ்க்கை வரலாறு வேண்டாம். ‘தங்கள் மேலான புலமையைக் கண்டு வியந்து’ என்ற தொடக்கமும் வேண்டாம். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு இரண்டாம் ஆசிரியருக்கு எழுதுங்கள். முதற்பெயராக இருப்பவர் அக்காலத்தில் ஆய்வு மாணவராக இருந்து, பிறகு இடம் மாறியிருக்கக்கூடும். அச்சிட்ட முகவரி செத்துப்போயிருக்கும். ஓர்கிட் எனப்படும் பதினாறு இலக்க ஆய்வாளர் எண்ணைத் தொட்டுப் போனால் இன்றைய நிறுவனம் தெரியவரும்.

பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டுக் களஞ்சியங்களில் சில கோப்புகளுக்குப் பூட்டுப் படம் போட்டிருக்கும். அந்தக் களஞ்சியங்களை இயக்கும் டிஸ்பேஸ், ஈபிரின்ட்ஸ் ஆகிய மென்பொருள்களில் ‘பிரதி கேள்’ என்ற வசதி உண்டு. நீங்கள் காரணத்தை எழுதி அனுப்பினால் அது ஆசிரியருக்கோ களஞ்சியப் பொறுப்பாளருக்கோ போய், அவர் சம்மதித்தால் கோப்பு உங்களுக்கு வரும். பலர் பூட்டைக் கண்டவுடன் திரும்பிவிடுவதால் அந்தப் பொத்தான் அழுத்தப்படாமலே கிடக்கிறது.

கொழும்பில் தட்டவேண்டிய கதவுகள்

பல்கலைக்கழக நூலகம் சந்தா செலுத்திய தரவுத்தளங்கள், வளாக வலையமைப்பில் இருக்கும் கணினியை அதன் இணைய முகவரியைக் கொண்டே அடையாளம் காண்கின்றன. அதனால் அங்கே கடவுச்சொல் கேட்பதில்லை. பதிப்பகங்களுடன் செய்யப்படும் ஒப்பந்தங்கள் பலவற்றில், நூலகத்துக்கு நேரில் வந்து அமர்ந்து வாசிக்கும் வெளியாரும் பயனாளராகக் கருதப்படுவர் என்ற வாசகம் உண்டு. இதை அறிந்தவர்கள் குறைவு. வெளியாரை உள்ளே விடுவதா என்பது அந்தந்த நூலகத்தின் முடிவு. ஆகவே முதலில் தொலைபேசியில் பேசி, தேசிய அடையாள அட்டையுடனும் உங்கள் தொழில் அல்லது கல்வி நிறுவனத்தின் கடிதத்துடனும் போங்கள். வாயிற்காவலரிடம் வாதாடித் திரும்பிய கதை என்னிடமும் ஒன்று உண்டு. கடிதம் இருந்திருந்தால் அந்த நாள் மிஞ்சியிருக்கும்.

மருத்துவம், விவசாயம், சுற்றாடல், தொழில்நுட்பம், சட்டம் ஆகிய துறைகளில் ரிசர்ச் ஃபோர் லைஃப் என்ற ஏற்பாடு, வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்குச் சஞ்சிகைகளை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ திறந்துவிடுகிறது. அதன் மருத்துவப் பகுதியான ஹினாரியை உலக சுகாதார நிறுவனம் 2002 இல் தொடங்கியது. பதிவு நிறுவனத்துக்கு உரியது, தனியாளுக்கு அல்ல. ஆகவே நோயாளியின் உறவினர் செய்யவேண்டியது, சிகிச்சையளிக்கும் வைத்தியரிடம் கட்டுரையின் விபரத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, ‘டொக்டர், இது அப்பாவுக்குப் பொருந்துமா என்று நேரம் கிடைக்கும்போது பார்க்கமுடியுமா’ என்று கேட்பதாகும். அவருக்குப் பிரதியும் கிடைக்கக்கூடும், அதை வாசிக்கும் அறிவும் இருக்கிறது. பூட்டைத் திறந்து பெற்ற மருத்துவக் கட்டுரையைத் தனியே வாசித்துப் பயந்துபோனவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

பழைய அச்சுக்கு மூன்று இடங்கள் உள்ளன, மூன்றும் கொழும்பு 7 இல். 1885 ஆம் ஆண்டின் அச்சாளர், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின்படி இங்கு அச்சாகும் நூல்களின் பிரதிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு வந்தன. அதன் பயனை இன்று தேசிய சுவடிகள் திணைக்களத்திலும், 1877 இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையின் நூலகத்திலும் காணலாம். சுதந்திர மாவத்தையிலுள்ள தேசிய நூலகம் 1990 இல் திறக்கப்பட்டது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதோடு அங்கிருந்தவை போயின என்பதால், யாழ்ப்பாணத்தில் அச்சான பழைய நூலைத் தேடுபவர்கூடக் கொழும்பில் விசாரிக்காமல் நம்பிக்கை இழக்கக்கூடாது. வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942 இல் தோன்றியது. அதன் நூலகத்தில் அரிய தமிழ்ச் சஞ்சிகைகளைப் புரட்டுவதோடு, மாலைவேளையில் அங்கு வரும் மூத்த வாசகர்களிடம் பேச்சுக்கொடுக்கவும் முடியும். ‘தம்பி, அது அந்த வருட மலரில் வரவில்லை, அடுத்த வருட மலரில் வந்தது’ என்று ஒருவர் சொன்ன ஒரு வசனம் எனக்கு இரண்டு நாளை மிச்சப்படுத்தியது.

பத்திரிகை தேடுபவருக்குத் தேதிதான் உயிர். வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் தொடங்கின. தேதி தெரியாமல் அவற்றின் கட்டுகளுக்கு முன் உட்கார்ந்தால் ஒரு வருடத்தைப் புரட்ட ஒரு வாரமாகும், பழைய தாளும் கையில் நொறுங்கும். ஆகவே போகுமுன் தேதியை நெருக்குங்கள். பாட்டனாரின் படம் பதவி உயர்வுக்காக வந்ததென்றால், அந்த நியமனம் வர்த்தமானியில் என்று வந்தது என்று பாருங்கள். மரண அறிவித்தல் என்றால் மரணச் சான்றிதழின் தேதியிலிருந்து மூன்று நாள் போதும். பாடசாலை விழா என்றால் பாடசாலை மலரில் தேதி இருக்கும். இரண்டு கிழமைக்குள் நெருக்கிவிட்டால் வேலை ஒரு காலையில் முடியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கம்பனியின் பணிப்பாளர் யார், பதிவு முகவரி எது என்பது கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கக்கூடிய பதிவு. பொருள்களின் தரத்தை வரையறுக்கும் கட்டளை ஆவணங்கள் விலைக்குரியவை; வாங்குமுன் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் நூலகத்தில் விசாரியுங்கள். சர்வதேசக் கட்டளைகளின் நோக்கெல்லையும் வரைவிலக்கணங்களும் ஐஎஸ்ஓ தளத்திலேயே இலவசமாக வாசிக்கக் கிடைக்கும், சிலருக்கு அதுவே போதும். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் அண்மைக்காலத்தவை அதன் தளத்தில் உள்ளன. பழையவற்றுக்கு, புதுக்கடையில் தொழில் செய்யும் சட்டத்தரணி ஒருவரின் அலமாரி எந்தத் தரவுத்தளத்தையும்விட விரைவானது.

அரச நிறுவனமொன்றின் கோப்புக்குள் இருக்கும் தகவல் என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு ஓர் ஆளையே நியமித்துத் தந்திருக்கிறது. ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். இலங்கைப் பிரஜை எவரும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இங்கும் கேள்வியின் வடிவம்தான் எல்லாம். ‘ஏன் வீதி திருத்தப்படவில்லை’ என்று கேட்டால் விளக்கம் வரும், அல்லது ஒன்றும் வராது. ‘இந்த வீதிக்கான ஒப்பந்தத்தின் பிரதியும், இதுவரை செலுத்திய தொகைகளின் பட்டியலும்’ என்று கேட்டால் காகிதம் வரும்.

ரொறன்ரோவில் இருக்கும் அக்கா

கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இருந்தும் பயன்படுத்தப்படாத ஒரு வழி, வெளிநாட்டு உறவினரின் பொது நூலக அட்டை. ரொறன்ரோப் பொது நூலகத்தின் அட்டைக்காரர் தம் வீட்டிலிருந்தே பத்திரிகைத் தரவுத்தளங்களைத் திறக்கலாம். இங்கிலாந்தின் உள்ளூராட்சி நூலகங்கள் பலவற்றின் அட்டை, 1785 இலிருந்து வெளிவந்த லண்டன் ‘த டைம்ஸ்’ பத்திரிகையின் பழைய இதழ்களைத் திறக்கும். அங்கு வசிப்பவருக்கு அந்த அட்டை இலவசம். நம்மவர் பலர் பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் எடுப்பதோடு அதை நிறுத்திவிடுகிறார்கள். நியூயோர்க் டைம்ஸ் போன்ற சில பத்திரிகைகள் சந்தாதாரருக்கு மாதத்தில் சில கட்டுரைகளைப் பிறருக்குப் பரிசாக அனுப்பும் தொடுப்பையும் கொடுக்கின்றன. அது பத்திரிகையே அனுமதித்த வழி.

கேட்கும்போது வேலையைச் சிறிதாக்கிக் கொடுங்கள்: ‘அக்கா, உங்கள் அட்டை இலக்கம் எனக்கு வேண்டாம். உங்கள் நூலகத் தளத்தில் பத்திரிகைகள் என்ற பகுதிக்குப் போய், நான் கீழே எழுதியிருக்கும் இந்த ஐந்து சொற்களை அப்படியே ஒட்டி, 1956 ஜூன் மாதம் என்று தேதியைக் குறுக்கித் தேடுங்கள். என்ன வந்தாலும் முதல் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். ஒன்றும் வராவிட்டாலும் அந்த வெற்றுத் திரையை அனுப்புங்கள்.’ தேடலில் பழக்கமில்லாதவர் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்வதை நம்பமுடியாது. வெற்றுத் திரையைப் பார்த்தால் எழுத்துப்பிழையா, தேதிப் பிழையா என்று நீங்கள் இங்கிருந்தே கண்டுகொள்ளலாம்.

கூலி கொடுத்துத் தேடுவித்தல்

பணம் கொடுத்து மனிதரைத் தேடச்செய்யும் சேவைகளைப் பெரிய நிறுவனங்களும் முயன்று பார்த்தன. கூகுள் அன்சர்ஸ் 2002 இல் தொடங்கி 2006 இல் நின்றது. அங்கு ஒரு கேள்விக்கு 200 டொலர் வரை விலை வைக்கலாம். 2006 இல் வந்த சாச்சா என்ற கேள்வி பதில் சேவை, வழிகாட்டிகளுக்குச் சிறு கூலி கொடுத்து நடத்தி, 2016 இல் மூடப்பட்டது. ஆனால் சுவடிக் கூடத்தில் உட்கார்ந்து தேடித்தரும் பட்டதாரி மாணவரின் தேவை இன்றும் குறையவில்லை. மட்டக்களப்பிலோ மெல்பேணிலோ இருப்பவர், கொழும்பில் ஒருவரை இரண்டு நாளுக்கு அமர்த்துவது பிரயாணச் செலவைவிடக் குறைவு.

அப்படி அமர்த்துவதானால் கூலியை நேரத்துக்குப் பேசுங்கள், கண்டுபிடிப்புக்குப் பேசாதீர்கள். கண்டுபிடித்தால்தான் காசு என்றால், சந்தேகமான ஒன்றை ‘இதுதான்’ என்று கொண்டுவரும் ஆசை எவருக்கும் வரும். எத்தனை மணிநேரத்தின் பின் நிறுத்தி உங்களிடம் கேட்கவேண்டும் என்று முதலே சொல்லுங்கள். தேடிய தொகுதிகளின் பட்டியலையும், எடுத்த ஒவ்வொரு படத்திலும் பத்திரிகையின் பெயரும் தேதியும் உள்ள மேற்பகுதி தெரியவேண்டும் என்பதையும் நிபந்தனையாக்குங்கள். என்னிடம் ஓர் அருமையான செய்திக் கத்தரிப்பின் படம் இருக்கிறது. எந்தப் பத்திரிகை, எந்த நாள் என்று தெரியாததால் அதை இதுவரை எங்கும் மேற்கோள் காட்ட முடியவில்லை.

கேட்கக்கூடாதது

எவரிடமும் கடவுச்சொல் கேட்காதீர்கள். ஒருவர் தாமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அதிகாரமின்றிக் கணினித் தகவலை அணுகுவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் குற்றமாகும். அதோடு நடைமுறைச் சங்கடமும் உண்டு. ஒரே கணக்கு இரண்டு நாடுகளிலிருந்து திறக்கப்படுவதையோ, ஒரு கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் இறங்குவதையோ பதிப்பகத்தின் இயந்திரம் கண்டால், அந்தப் பல்கலைக்கழகம் முழுவதற்கும் வழியை அடைத்துவிடக்கூடும். உங்களுக்கு உதவிய விரிவுரையாளர் தம் நூலகரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். ‘இந்தக் கட்டுரை எனக்கு வேண்டும்’ என்பது கேட்கத்தக்க கோரிக்கை. ‘உங்கள் கணக்கு எனக்கு வேண்டும்’ என்பது அவ்வாறானதல்ல.

இன்னொருவருடைய மருத்துவப் பதிவு, வங்கி விபரம், தொலைபேசிப் பட்டியல் போன்றவற்றை உள்ளே வேலை செய்யும் தெரிந்தவர் மூலம் எடுப்பதையும் தேடல் என்று அழைக்கமுடியாது. இங்கே பூட்டு இருப்பதற்கு நியாயம் உண்டு. அப்படி எடுத்துத்தருபவரின் வேலையும் போகலாம்.

கைக்கு வந்த பிறகு

கோப்பு வந்தவுடன் திறந்து, கேட்டது இதுதானா, எல்லாப் பக்கங்களும் உண்டா, அட்டவணைகள் வாசிக்கத்தக்கனவா என்று அன்றே பாருங்கள். ஒரு மாதத்தின் பின் ‘பக்கம் 47 இல்லை’ என்று மறுபடி எழுதுவது இருவருக்கும் சங்கடம். ஆசிரியர் அனுப்பியது ஏற்றுக்கொள்ளப்பட்ட பிரதியென்றால் அதன் பக்க எண்கள் அச்சுப் பிரதியோடு ஒத்துவராது. மேற்கோளில் பிரிவின் தலைப்பைக் குறிப்பிடுங்கள், அல்லது அச்சுப் பிரதி வைத்திருக்கும் நூலகர் ஒருவரிடம் அந்த ஒரு பக்க எண்ணை மட்டும் கேட்டறியுங்கள். கோப்பின் பெயரில் ஆசிரியர், ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்ற மூன்றையும் எழுதிச் சேமியுங்கள். தனிப்பட்ட முறையில் வந்த பிரதியை வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கேட்பவருக்கு, நீங்கள் எழுதிய அதே மடலின் மாதிரியைக் கொடுங்கள்.

கிடைக்காதவற்றுக்கும் ஒரு கொப்பி வைத்திருங்கள்: எந்த நாள், எந்த இடத்தில், எந்த எழுத்துக்கூட்டலில், யாரிடம் கேட்டேன், என்ன பதில். என்னுடைய கொப்பியில் 2011 இல் ‘இல்லை’ என்று குறித்த ஒரு சஞ்சிகை இதழ், போன வருடம் நூலகம் தளத்தில் ஏறியிருந்தது. பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததால்தான் அதை மறுபடி தேடும் எண்ணம் வந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் அன்றைக்கு எனக்காகத் தட்டுத் தட்டாகத் தேடிய நூலகரின் பெயரும் இருந்தது. தொடுப்பை அவருக்கும் அனுப்பினேன்.